முதல் ஆல்பத்துக்கு எத்தனை மூலம்?

ஒரு ராக் இசைக்குழு தன் தொடக்க காலத்தில், கையில் காசில்லாமல், அவசர அவசரமாக ஓர் ஆல்பத்தைப் பதிவுசெய்கிறது. சில ஆயிரம் பிரதிகள் விற்கின்றன. பிறகு அந்தக் குழு பெரும்புகழ் அடைகிறது. அல்லது கலைந்து, மறக்கப்பட்டு, ஒரு தலைமுறை கழித்து நினைக்கப்படுகிறது. அப்போது அதே ஆல்பம் மெருகேற்றப்பட்டு, கூடுதல் பாடல்களோடும் படங்களோடும் மீண்டும் கடைக்கு வருகிறது. இரண்டும் ஒரே ஆல்பம்தானா? இல்லையென்றால், எதை அந்தக் குழுவின் படைப்பு என்று கொள்வது?

ராக் இசையைவிட மிகப் பழைய கேள்வி இது. ஏட்டுச்சுவடியிலிருந்து நூலை அச்சுக்குக் கொண்டுவந்த ஒவ்வொரு பதிப்பாசிரியரும் இதைச் சந்தித்திருக்கிறார். உ.வே.சாமிநாதையர் சீவக சிந்தாமணியை 1887இல் பதிப்பித்தார். அதோடு நிறைவடையாமல் 1907இல் திருத்திய இரண்டாம் பதிப்பைக் கொண்டுவந்தார். பாடபேதம், இடைச்செருகல், சிதைந்த வரி, ஊகத் திருத்தம் ஆகியவற்றையெல்லாம் தமிழ்ப் பதிப்புலகம் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக விவாதித்து வருகிறது. ஐரோப்பாவில் இதே விவாதம் 19ஆம் நூற்றாண்டில் கட்டடங்களை முன்வைத்து நடந்தது. பிரான்சில் வியோலே-ல-டுக், பழைய கட்டடத்தை அது முழுமையாக இருந்திருக்க வேண்டிய நிலைக்குக் கொண்டுவருவதே சீரமைப்பு என்றார். ஒருபோதும் அப்படி இருந்திராத நிலையாக அது இருந்தாலும் அவருக்குச் சம்மதம். இங்கிலாந்தில் ஜான் ரஸ்கின் 1849இல் அதற்கு நேரெதிர் முனையில் நின்றார். அவருக்குச் சீரமைப்பு என்பதே அழிப்பு.

இசைத்தட்டுக்கு இந்தக் கேள்வி வரும்போது தொடக்ககால ஆல்பங்களில்தான் அது கூர்மையடைகிறது. பிற்கால ஆல்பத்தில் குழுவிடம் பணமும் நேரமும் இருக்கும். கேட்பது பெரும்பாலும் அவர்கள் விரும்பியதாகவே இருக்கும். முதல் ஆல்பத்திலோ விருப்பம் எது, கட்டாயம் எது என்று பிரிப்பது கடினம். கிட்டார் ஒலி மங்கலாக இருப்பது குழுவின் தேர்வா, மலிவான ஸ்டுடியோவின் விளைவா? குரல் பின்னால் ஒதுங்கியிருப்பது அழகியலா, அவசரமா? மறுவெளியீடு செய்பவர் இதற்கு ஏதாவது ஒரு விடையை முடிவுசெய்துகொண்டுதான் வேலையைத் தொடங்க முடியும்.

அந்த வேலைகள் எல்லாம் ஒரே வகை அல்ல என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. ரீமாஸ்டர் என்பது கலந்து முடித்த இறுதி டேப்பை எடுத்து, ஒலியளவையும் சமநிலையையும் புதிதாகச் சரிசெய்வது. ரீமிக்ஸ் அதற்கும் ஒரு படி பின்னால் போகிறது: டிரம்ஸ், பேஸ், குரல் எனத் தனித்தனியாகப் பதிவான டிராக்குகளை மீண்டும் கலப்பது. மறுபதிவு என்பது பாடல்களைப் புதிதாகவே வாசிப்பது. விரிவுபடுத்திய பதிப்பு பழையதைத் தொடாமல், பக்கத்தில் டெமோக்களையும் மேடைப் பதிவுகளையும் சேர்க்கிறது. கடையில் நான்குக்கும் ஒரே மாதிரியான ஒட்டுச்சீட்டு ஒட்டப்படுவதால் விவாதம் அடிக்கடி குழம்பிப்போகிறது.

முதல் அச்சே மூலம்

முதலில் வெளியான தட்டே படைப்பு என்பது சேகரிப்பாளர்களின் நிலைப்பாடு. இதற்குத் தத்துவப் பின்புலமும் உண்டு. தியோடர் கிரேசிக் 1996இல் வெளியிட்ட ராக் அழகியல் நூலில், ராக்கில் படைப்பு என்பது பாடலோ மேடை நிகழ்ச்சியோ அல்ல, பதிவான ஒலியே என்று வாதிட்டார். செவ்வியல் இசையில் எழுதப்பட்ட இசைக்குறிப்புக்கு உள்ள இடம் ராக்கில் பதிவுக்கு உண்டு. ஆண்ட்ரூ கானியா 2006இல் இதைச் சற்று நெகிழ்த்தி, பதிவு ஒரு படைப்பு, அது பாடலை வெளிப்படுத்துகிறது, ஆனால் பாடலும் அதுவும் ஒன்றல்ல என்றார். இருவரில் யாரை ஏற்றாலும், ஒலியின் நுண்விவரத்தை மாற்றினால் படைப்பில் ஏதோ மாறுகிறது என்ற முடிவுக்கே வருகிறோம்.

இந்த நிலைப்பாட்டைச் சோதிக்க நிர்வாணாவின் முதல் ஆல்பமான 'ப்ளீச்' நல்ல உதாரணம். 1988 டிசம்பரில் தொடங்கி 1989 ஜனவரியில் முடிந்த பதிவு அது. இடம் சியாட்டிலின் ரெசிப்ரகல் ரெக்கார்டிங் ஸ்டுடியோ. பதிவுசெய்தவர் ஜாக் எண்டினோ. மொத்தச் செலவு 606 டாலர் 17 சென்ட். அந்தப் பணத்தைக் கொடுத்தவர் ஜேசன் எவர்மேன். ஆல்பத்தில் அவர் ஒரு சுரம்கூட வாசிக்கவில்லை. ஆனாலும் அட்டையில் கிட்டார் கலைஞராக அவர் பெயர் இருக்கிறது. 1989 ஜூனில் சப் பாப் நிறுவனம் வெளியிட்டது. முதல் ஆயிரம் பிரதிகள் வெள்ளை வைனிலில் வந்தன.

சரி, இதில் முதல் அச்சு எது? பிரிட்டனில் வெளியான தட்டில் 'லவ் பஸ்' பாடல் இல்லை. அதன் இடத்தில் 'பிக் சீஸ்' இருந்தது. அதாவது முதல் ஆண்டிலேயே ஆல்பத்துக்கு இரண்டு பாடங்கள். 1992 மறுவெளியீட்டில் 'பிக் சீஸ்', 'டவுனர்' இரண்டும் சேர்ந்தன. 2009இல் இருபதாம் ஆண்டுப் பதிப்பு எண்டினோவின் மேற்பார்வையில் ரீமாஸ்டர் செய்யப்பட்டு, 1990 பிப்ரவரியில் போர்ட்லாண்டில் நடந்த ஒரு மேடைப் பதிவும் இணைந்து வந்தது.

இன்னும் வலுவான எதிர்வாதம் வேறு இடத்தில் இருக்கிறது. 1991இல் குழுவின் அடுத்த ஆல்பம் 'நெவர்மைண்ட்' வெளிவருவதற்கு முன் 'ப்ளீச்' அமெரிக்காவில் ஏறத்தாழ 40,000 பிரதிகளே விற்றிருந்தது. அதன் பிறகு பத்து லட்சத்தைத் தாண்டியது. ஆக, உலகில் 'ப்ளீச்' கேட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் கேட்டது மறுவெளியீட்டைத்தான். இலக்கியப் பதிப்பியலில் ஜெரோம் மக்கேன் 1983இல் முன்வைத்த வாதம் இங்கே பொருந்தும்: ஒரு பிரதி, ஆசிரியர் எழுதி முடித்த கணத்தில் நின்றுவிடுவதில்லை, அச்சிடுவோரும் விற்போரும் வாசிப்போரும் சேர்ந்தே அதை உருவாக்குகிறார்கள். முதல் அச்சு வரலாற்றுச் சான்றாக ஈடற்றது என்பதை நான் முழுமையாக ஏற்கிறேன். அதுவே முழுப் படைப்பு என்பதைத்தான் ஏற்க முடியவில்லை.

மாஸ்டர் டேப்பின் பக்கம்

இரண்டாவது நிலைப்பாடு ஒலிப்பொறியாளர்களுடையது. தட்டு வெறும் நகல். ஸ்டுடியோவில் உருவான மாஸ்டர் டேப்பே மூலம். எவ்வளவு நெருக்கமாக அதற்குத் திரும்புகிறோமோ அவ்வளவு நல்ல மறுவெளியீடு. வைனிலின் வரம்புகளுக்காகக் குறைக்கப்பட்ட தாழ்ஒலியை மீட்கலாம், தேய்ந்த நகலிலிருந்து செய்த பழைய சிடியைத் திருத்தலாம் என்பது இவர்கள் வாதம். பல நேரங்களில் அது உண்மையும்கூட.

ஆனால் டேப் என்பது நிலையான பொருள் அல்ல. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் விற்ற சில வகை டேப்களில், காந்தத் துகளைப் பிடித்துவைத்திருக்கும் பசை காற்றின் ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுத்துப்போகிறது. அப்படியே ஓடவிட்டால் துகள் உரிந்து இயந்திரத்தின் தலையில் ஒட்டிக்கொள்ளும். அதனால் டேப்பை ஏறத்தாழ 50 முதல் 55 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் பல மணி நேரம் மிதமாகச் சூடேற்றி, ஈரத்தைப் போக்கி, ஈரம் மீண்டும் ஏறும் முன் உள்ள சிறிய இடைவெளிக்குள் ஓடவிட்டு நகலெடுக்கிறார்கள். அந்த ஓட்டத்தில் கிடைப்பதே பிற்காலத்துக்கு மூலமாக அமைகிறது. எந்த இயந்திரம், எந்த வேகம், எந்தச் சீரமைப்பு என்று அன்று எடுக்கும் முடிவுகள் அதில் படிந்துவிடும்.

டேப் இல்லாமலே போவதும் உண்டு. 2008 ஜூன் 1 அன்று ஹாலிவுட்டில் யுனிவர்சல் ஸ்டுடியோ வளாகத்தில் நடந்த தீவிபத்தில் ஏராளமான மாஸ்டர் டேப்கள் அழிந்தன என்று 2019இல் நியூயார்க் டைம்ஸ் எழுதியது. இழப்பின் அளவை நிறுவனம் மறுத்தது. சவுண்ட்கார்டன், ஹோல் போன்ற மாற்று ராக் குழுக்கள் நீதிமன்றத்துக்குப் போயின. மூலம் ஓரிடத்தில் பத்திரமாக இருக்கிறது என்ற நம்பிக்கையின் மேல்தான் இந்த நிலைப்பாடு நிற்கிறது. அந்த நம்பிக்கையை எல்லா இடத்திலும் வைக்க முடியாது.

இதில் வணிகமும் நுழைகிறது. தொண்ணூறுகளிலிருந்து 2000கள் வரை வந்த பல ரீமாஸ்டர்கள், மெல்லிய ஒலிக்கும் உரத்த ஒலிக்கும் இடையிலான இடைவெளியை நசுக்கி, எல்லாவற்றையும் ஒரே உரப்பில் கொடுத்தன. மூலத்துக்குத் திரும்புகிறோம் என்ற பெயரில் நடந்தது அன்றைய சந்தை ரசனைக்கு இணங்குவது. எதிர்த்திசையிலும் பிழை உண்டு. முற்றிலும் அனலாக் முறையில் டேப்பிலிருந்து நேராக வெட்டப்பட்டவை என்று ரசிகர்கள் நம்பி வாங்கிய மொபைல் ஃபிடெலிட்டி நிறுவனத்தின் தட்டுகளில், இடையே ஒரு டிஜிட்டல் படி இருந்தது 2022இல் வெளியானது. அந்தத் தட்டுகளின் ஒலியை அதுவரை பலர் மனமாரப் பாராட்டியிருந்தார்கள். கேட்டவர்களைப் புண்படுத்தியது ஒலி அல்ல, சொல்லாமல் விட்டதுதான்.

படைத்தவரே திருத்தும்போது

படைத்தவருக்குத் தன் படைப்பைத் திருத்த உரிமை இல்லையா? மூன்றாவது நிலைப்பாட்டின் அடித்தளம் இந்த எளிய கேள்வி. இறுதியாக ஆசிரியர் விரும்பிய வடிவமே சிறந்த பாடம் என்ற பதிப்பியல் மரபின் நேர் வாரிசு இது.

நடைமுறையில் இதன் விளைவுகள் பலதரப்பட்டவை. ஸ்டூஜஸ் குழுவின் 'ரா பவர்' 1973இல் டேவிட் போவியின் கலவையில் வந்தது. ஒலி மெலிந்திருக்கிறது என்ற குறை நெடுங்காலம் இருந்தது. 1997இல் பாடகர் இக்கி பாப் தானே மீண்டும் கலந்தார். இப்போது ஒலி மிதமிஞ்சி உரத்துவிட்டது என்ற குறை எழுந்தது. 2010 பதிப்பில் போவியின் கலவை திரும்பி வந்தது. பழையதில் குறை கண்ட ரசிகர்களிலேயே பலர், அந்தக் குறையுடன்தான் தாங்கள் ஆல்பத்தை நேசித்திருந்தோம் என்பதைப் புதியது வந்த பிறகு உணர்ந்தார்கள்.

பெர்ல் ஜாமின் முதல் ஆல்பம் 'டென்' (1991) இதைவிட அமைதியாகக் கையாளப்பட்டது. அதன் கலவையில் எதிரொலி அதிகம் என்பது குழுவினருக்கே உறுத்தலாக இருந்தது. 2009 மறுவெளியீட்டில் பிரெண்டன் ஓ'பிரையன் செய்த புதிய கலவை தனித் தட்டாக வந்தது. அதே பெட்டியில் பழைய கலவையும் ரீமாஸ்டராக இருந்தது. ரிப்ளேஸ்மெண்ட்ஸ் குழுவின் 'டிம்' (1985) 2023இல் எட் ஸ்டேசியம் செய்த புதிய கலவையில் வந்தபோது, இதுதான் முதலிலேயே வந்திருக்க வேண்டிய ஆல்பம் என்று விமர்சகர்கள் பலர் எழுதினார்கள். இத்தகைய வெற்றிகள் இருப்பதால், ரீமிக்ஸ் என்றாலே துரோகம் என்று சொல்லிவிட முடியாது.

இத்தாலியில் இன்னொரு வழி தென்படுகிறது. மிலான் நகரின் ஆஃப்டர்அவர்ஸ் குழு, இத்தாலிய மொழியில் பாடத் தொடங்கிய பின் வெளியிட்ட இரண்டாவது ஆல்பம் 'ஹை பவூரா தெல் பூயோ?' (1997). அந்நாட்டு மாற்று ராக்கின் திருப்புமுனைகளில் ஒன்றாக அதைக் கருதுகிறார்கள். 2014 மறுவெளியீட்டில் ஒரு தட்டு பழைய பதிவின் ரீமாஸ்டர். மற்றொன்றில் அதே பாடல்கள் மார்க் லேனகன் உள்ளிட்ட விருந்தினர்களுடன் புதிதாக வாசிக்கப்பட்டன. பழையதைத் திருத்த முயலாமல், அதன் பக்கத்தில் இன்றைய வாசிப்பை வைத்தார்கள்.

இந்த நிலைப்பாட்டின் பலவீனம், படைத்தவர் என்பவர் யார் என்பதில் இருக்கிறது. 22 வயதில் முதல் ஆல்பம் செய்தவரும் 45 வயதில் அதைத் திருத்துபவரும் எந்த அளவுக்கு ஒரே ஆள்? குழு என்றால் சிக்கல் பன்மடங்கு: ஒருவர் இறந்திருக்கலாம், ஒருவர் விலகியிருக்கலாம், எஞ்சியவர்களுக்குள் உடன்பாடு இல்லாமல் இருக்கலாம். பொறியாளருக்கும் தயாரிப்பாளருக்கும் அதில் பங்கு உண்டு. தாங்கள் இளமையில் எதை அறியாமல் செய்தோம் என்பது பிற்காலத்தில் கலைஞர்களுக்கு உறுத்துகிறது. கேட்பவர்களுக்கு அதுவே உயிராகப் படுகிறது.

பாலெர்மோவிலிருந்து ஓர் அளவுகோல்

சிசிலித் தீவிலிருந்து உலகளவில் பெயர் பெற்ற மாற்று ராக் குழு என்றால் கட்டானியாவின் உசேடா நினைவுக்கு வரும். அமெரிக்கப் பொறியாளர் ஸ்டீவ் அல்பினி பதிவுசெய்ய, சிகாகோவின் டச் அண்ட் கோ நிறுவனம் தொண்ணூறுகளில் அவர்களை வெளியிட்டது. ஆனால் இந்த விவாதத்துக்குத் தீவின் தலைநகரான பாலெர்மோ தரும் உதவி வேறு துறையிலிருந்து வருகிறது. செசாரே பிராண்டி 1939இல் ரோமில் தொடங்கிய மத்தியச் சீரமைப்பு நிறுவனத்தின் முதல் இயக்குநர். 1960களில் பாலெர்மோ பல்கலைக்கழகத்தில் கலை வரலாறு கற்பித்தார். சீரமைப்புக் கோட்பாடு பற்றிய அவர் நூல் அந்த ஆண்டுகளில்தான், 1963இல் வெளிவந்தது. 1972இல் இத்தாலி வகுத்த சீரமைப்பு விதிமுறைகளில் அவர் சிந்தனையின் தடம் தெளிவாகத் தெரிகிறது.

பிராண்டி சொன்னதைச் சுருக்கினால் இப்படி வரும். கலைப்பொருளுக்கு அழகியல் முகம், வரலாற்று முகம் என இரண்டு உண்டு. சீரமைப்பு அதன் முழுமையை மீட்க முயலலாம். ஆனால் போலியை உருவாக்கக் கூடாது, காலம் அதன் மேல் கடந்துபோன தடங்களைத் துடைத்துவிடவும் கூடாது. இதற்கு அவர் நிறுவனம் கண்ட கைவழி ஒன்று மிக அழகானது. சுவரோவியத்தில் வண்ணம் உதிர்ந்த இடத்தை மெல்லிய செங்குத்துக் கோடுகளால், நீர்வண்ணத்தில் நிரப்புவார்கள். தள்ளி நின்றால் ஓவியம் முழுமையாகத் தெரியும். அருகே போனால் எது பழைய தூரிகை, எது புதிய கோடு என்று எவரும் பிரித்துச் சொல்லலாம். வேண்டாமென்றால் பின்னால் வருபவர் அதை நீக்கியும் விடலாம். 1944இல் குண்டுவீச்சில் நொறுங்கிய வித்தெர்போ நகரத் தேவாலயச் சுவரோவியங்கள் இந்த முறையில்தான் மீண்டும் பொருத்தப்பட்டன.

பாலெர்மோவிலேயே பார்க்க ஒரு சான்று இருக்கிறது. 15ஆம் நூற்றாண்டில், பெயர் தெரியாத ஓவியர் ஒருவர் பலாசோ ஸ்க்லாஃபானியின் முற்றத்தில் வரைந்த 'மரணத்தின் வெற்றி' என்ற பெரும் சுவரோவியம் அது. எலும்புக்கூட்டுக் குதிரையின் மேல் மரணம் அம்பெய்தபடி பாய்ந்து வருகிறது. போரில் கட்டடம் சேதமடைந்தபின், 1944இல் ஓவியத்தைச் சுவரிலிருந்து பெயர்த்து நான்கு துண்டுகளாகப் பிரித்தார்கள். இன்று அது பலாசோ அபாத்தெல்லிஸ் அருங்காட்சியகத்தில், கார்லோ ஸ்கார்ப்பா ஐம்பதுகளில் அமைத்த கூடத்தில் இருக்கிறது. துண்டுகள் சேரும் கோடுகள் தெரிகின்றன. ஓவியம் பிறந்த காலம், போரில் காயம்பட்ட காலம், நாம் பார்க்கும் காலம் மூன்றும் ஒரே பார்வையில் படுகின்றன.

இந்த அளவுகோலை ஆல்பத்துக்குக் கொண்டுவந்தால் சில விஷயங்கள் தெளிவாகின்றன. மாஸ்டர் டேப்பில் இல்லாத, நகலெடுத்ததால் வந்த இரைச்சலை நீக்குவது ஓவியத்தின் மேல் படிந்த புகைக்கரியைத் துடைப்பது போன்றது. எட்டு டிராக் டேப்பின் நெரிசலான ஒலியை இன்றைய துல்லியத்துக்கு மாற்றுவது, காலம் தந்த மெருகைச் சுரண்டி எடுப்பது. தமிழ்நாட்டில் கோயில் கல்லை மணல்வீச்சால் தூய்மை செய்தபோது சிற்ப நுணுக்கமும் கல்வெட்டும் தேய்ந்தன என்ற புகார் எவ்வளவு நியாயமானதோ, இதுவும் அவ்வளவு நியாயமானது. 'டென்' பெட்டியில் பழைய கலவையும் புதியதும் தனித்தனித் தட்டுகளாக இருப்பது அந்தச் செங்குத்துக் கோடுகளின் நேர்மைக்கு மிக அருகில் வருகிறது.

ஆயினும் இந்த அளவுகோல் முழுதாகப் பொருந்தாது. சுவரோவியம் ஒன்றே ஒன்று, பெயர்த்தால் பெயர்த்ததுதான். ஆல்பமோ பிறக்கும்போதே பல்லாயிரம் நகலாகப் பிறக்கிறது. வால்டர் பெஞ்சமின் 1930களில் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையின் சாரம், நகலுக்கென்றே உருவாகும் கலையில் அசல் எது என்ற கேள்வியே பொருளிழக்கிறது என்பது. அதுவும் மிகை என்று தோன்றுகிறது: முதல் அச்சுத் தட்டுக்காக ரசிகர்கள் கொடுக்கும் விலை, அசலின் ஈர்ப்பு எங்கும் போய்விடவில்லை என்று காட்டுகிறது. ஒலிக்காப்பகத் துறையினர் நடுவழி ஒன்றைக் கண்டார்கள். வியன்னாவின் ஒலிக்காப்பகத்தை நடத்திய டீட்ரிச் ஷ்யூலர் போன்றவர்கள் வலியுறுத்தியது இது: முதலில் எந்தத் திருத்தமும் இல்லாமல் டேப்பிலிருப்பது முழுவதையும் நகலெடு, பிறகு செய்யும் மெருகெல்லாம் அந்த நகலின் நகலில் நடக்கட்டும், ஒவ்வொரு படியையும் எழுதிவை. ஆய்வகங்களில் இது நிலைபெற்ற விதி. வணிக நிறுவனங்களை அது கட்டுப்படுத்துவதில்லை.

கொல்கத்தாவின் குதிரைகள்

மேலே சொன்ன எல்லா நிலைப்பாடுகளும், டேப்போ தட்டோ ஏதோ ஒன்று கையில் இருக்கிறது, மறுவெளியீட்டுக்குச் சந்தை இருக்கிறது என்று எடுத்துக்கொள்கின்றன. இந்தியாவுக்கு வந்தால் தரை நழுவுகிறது. அதனால்தான் மொஹீனேர் கோராகுலி குழுவின் கதை இந்த விவாதத்துக்கு இன்றியமையாதது என்று நினைக்கிறேன்.

1975 வாக்கில் கொல்கத்தாவில் கௌதம் சட்டோபாத்யாயின் முனைப்பில் எழுவர் சேர்ந்த குழு இது. 'மொஹீனின் குதிரைகள்' என்று பொருள்படும் பெயர் ஜீபனானந்த தாஸின் கவிதையிலிருந்து வந்தது. கௌதம் நக்சல்பாரி இயக்கத்தோடு தொடர்புகொண்டு சிறைக்கும் சென்று வந்தவர். திரைப்பாடலும் ரவீந்திர சங்கீதமும் ஆண்ட வங்கத்தில், பாவுல் மரபையும் மேற்கத்திய ராக்கையும் நகரவாழ்வின் பதற்றத்தையும் சேர்த்து இவர்கள் பாடினார்கள். 1977இல் 'சம்பிக்ன பாகிகுல் ஓ கொல்கத்தா பிஷயக்', அடுத்த இரண்டு ஆண்டுகளில் மேலும் இரண்டு சிறு தட்டுகள். மூன்றையும் சேர்த்தாலும் ஒரு நீள்தட்டைத் தாண்டாது. விற்பனை இல்லை, கேட்க ஆள் குறைவு. 1981இல் குழு கலைந்தது.

1995இல் கொல்கத்தா புத்தகக் கண்காட்சியை ஒட்டி 'ஆபார் பொச்சோர் குரி பொரே' என்ற தொகுப்பு வெளிவந்தது. இருபது ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் என்பது பொருள். பழைய பதிவுகளைத் தூசு தட்டி வெளியிடும் முயற்சி அல்ல அது. கௌதம் பதிப்பாசிரியராக அமர்ந்து, இளைய குழுக்களையும் பாடகர்களையும் கூட்டி, குழுவின் பாடல்களையும் புதிய பாடல்களையும் அவர்களைக்கொண்டு பாடவைத்தார். அடுத்தடுத்த ஆண்டுகளில் 'ஜொரா சொமொயேர் கான்', 'மாயா' எனத் தொகுப்புகள் தொடர்ந்தன. 1999 ஜூனில் கௌதம் மறைந்தார். தொண்ணூறுகளில் எழுந்த வங்காள ராக் அலைக்கு முன்னோடி என்ற இடம் இந்தக் குழுவுக்குக் கிடைத்தது இந்தத் தொகுப்புகள் வழியாகத்தான். 1995 தொகுப்பில் வந்த 'பிருதிபி' பாடலின் மெட்டு 2006இல் 'கேங்ஸ்டர்' படத்தின் 'பீகி பீகி' வழியாக இந்தி கேட்கும் உலகெங்கும் போனது.

இதை எந்தக் கட்டத்தில் வைப்பது? ரீமாஸ்டர் இல்லை, ரீமிக்ஸ் இல்லை. மறுபதிவு என்று சொன்னாலும் பாடுபவர்கள் வேறு. கிரேசிக் வழியில் போனால் 1977 தட்டும் 1995 தொகுப்பும் உறவினர்கள், அவ்வளவே. மக்கேன் வழியில் போனால் இரண்டாவது இல்லாமல் முதலாவதற்கு வரலாறே இல்லை. எனக்கு இரண்டாவது பார்வை கூடுதல் உண்மையாகப் படுகிறது. ஏட்டில் தூங்கிய நூல் பதிப்பாசிரியர் கையில் வாசகரை அடைந்ததைக் கண்ட தமிழருக்கு இது புதிதுமல்ல. ஆனால் இதில் ஒரு விலையும் உண்டு. எழுவர் சேர்ந்து வாசித்த அந்த 1977 ஒலி, பின்னால் வந்த நல்ல குரல்களுக்கும் தேர்ந்த பதிவுகளுக்கும் பின்னே ஒதுங்கிப்போனது. மொஹீனேர் கோராகுலியை உயிராக நேசிக்கும் பலருக்கும் அந்தக் குழு வாசித்த ஒலி இரண்டாமிடத்தில்தான் அறிமுகமாகிறது.

உரிமை யார் கையில்

அழகியல் விவாதங்கள் எப்படி முடிந்தாலும், எது வெளியாகும் என்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் ஒப்பந்தம். ரேடியோஹெட்டின் முதல் ஆல்பம் 'பாப்லோ ஹனி' (1993) 2009இல் விரிவுபடுத்திய பதிப்பாக வந்தபோது, குழு அதை வெளியிட்ட நிறுவனத்தைவிட்டு விலகியிருந்தது. மறுவெளியீட்டில் அவர்களுக்குப் பங்கில்லை. 'ஓகே கம்ப்யூட்டர்' பதிவுகளை 2017இல் வேறு நிறுவனம் மூலம் அவர்களே மறுவெளியீடு செய்தார்கள். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால், எதைச் சேர்ப்பது என்ற முடிவு யார் கையில் இருக்கிறது என்பது தேர்விலேயே தெரியும்.

ஐரோப்பிய ஒன்றியம் 2011இல் ஒலிப்பதிவு உரிமையை 50இலிருந்து 70 ஆண்டுகளாக நீட்டியது. கூடவே ஒரு நிபந்தனை: 50 ஆண்டுகளுக்குப் பிறகும் நிறுவனம் பதிவைச் சந்தைக்குக் கொண்டுவராவிட்டால் கலைஞர் உரிமையைத் திரும்பக் கோரலாம். இந்தச் சட்டமே விசித்திரமான மறுவெளியீடுகளுக்கும் வழிவகுத்தது. 2012இல் பாப் டிலனின் வெளிவராத பதிவுகள் ஏறத்தாழ 100 பிரதிகள் மட்டும் வெளியிடப்பட்டன. நோக்கம் கேட்பவர் அல்ல, உரிமையைத் தக்கவைப்பது. இந்தியாவில் ஒலிப்பதிவுக்கான காலம் வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள். 1977இல் வெளியான தட்டுக்கு அது 2037 முடிவு வரை நீளும். அதுவரை நிறுவனம் வெளியிடாமல் வைத்திருந்தால் கலைஞர் உரிமையைத் திரும்பப் பெற ஐரோப்பாவைப் போன்ற தனி வழி நம் சட்டத்தில் இல்லை. இது கவலை தர வேண்டிய குறை.

இன்னும் தீராதவை

இந்த நிலைப்பாடுகளை எடைபோட்டால், எந்த ஒன்றும் தனியாக நிற்கவில்லை என்றே சொல்ல வேண்டியிருக்கிறது. மறுவெளியீட்டை ஒரு பதிப்பாகக் கருதி, நல்ல பதிப்புக்கு நாம் வைக்கும் கேள்விகளை அதற்கும் வைப்பது பயனுள்ள வழியாகத் தோன்றுகிறது. எந்த மூலத்திலிருந்து செய்தது? என்ன மாற்றியது, யார் மாற்றினார்? முந்தைய பாடம் இன்னும் கிடைக்கிறதா? 'டென்' இதில் தேறுகிறது. 'ரா பவர்' பதின்மூன்று ஆண்டு தாமதமாகத் தேறியது. கடைசிக் கேள்விதான் என் கருத்தில் மிக முக்கியமானது. தட்டும் சிடியும் இருந்த காலத்தில் மோசமான மறுவெளியீடு வந்தாலும் பழைய பிரதி யாரோ ஒருவர் அலமாரியில் இருந்தது. ஸ்ட்ரீமிங் சேவையில் ஒரு நாள் பழைய கோப்பை எடுத்துவிட்டு ரீமாஸ்டரை அதே பெயரில் வைத்தால், கேட்பவருக்கு மாற்றம் நடந்ததே தெரியாமல் போகலாம். இதற்குப் பாடபேதக் குறிப்பு எழுதும் வழக்கத்தை எந்தப் பெரிய சேவையும் இன்னும் ஏற்படுத்தவில்லை.

இரண்டாவது திறந்த கேள்வி, கணினி வழியே ஒலியைப் பிரித்தெடுக்கும் தொழில்நுட்பம். பீட்டர் ஜாக்சனின் குழு உருவாக்கிய முறையில் பீட்டில்ஸின் 'ரிவால்வர்' 2022இல் மீண்டும் கலக்கப்பட்டது. ஒரே டிராக்கில் ஒன்றாகப் பதிவான கருவிகள் தனித்தனியாகப் பிரிந்தன. டிராக்குகள் தொலைந்துபோன ஆரம்பகால ஆல்பங்களுக்கு இது வரம் என்று சொல்பவர்களும் உண்டு. அப்படிப் பிரித்தெடுத்த டிரம்ஸ் ஒலி எந்த டேப்பிலும் ஒருபோதும் தனியாக இருந்ததில்லை என்று தயங்குபவர்களும் உண்டு. வியோலே-ல-டுக்கும் ரஸ்கினும் மோதிய அதே இடம் இது. எது மீட்பு, எது புனைவு என்ற எல்லையை இந்தத் துறை இன்னும் வரையவில்லை. வரைவதற்குக் கேட்பவர்களின் காதும் பொறியாளர்களின் குறிப்பேடும் இரண்டும் தேவைப்படும்.

மூன்றாவது நமக்கு மிக அருகில் உள்ளது. 2017இல் சென்னையில் பா.இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் தென்மாவும் சேர்ந்து உருவாக்கிய 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' போன்ற குழுக்களின் தொடக்ககாலப் பதிவுகள் பிறந்ததே கணினிக் கோப்பாக. அவை மக்களை அடைந்ததும் இணையம் வழியாகவே. கலக்கும் மென்பொருளின் பழைய பதிப்பு திறக்காமல் போகும்போது, வன்தட்டு பழுதாகும்போது, இவற்றின் மூல டிராக்குகளுக்கு என்ன ஆகும்? டேப்பையாவது சூடேற்றி மீட்கும் வழி கண்டார்கள். திரைப்படத்துக்குப் புனேயில் தேசியக் காப்பகம் இருக்கிறது. திரைக்கு வெளியே உருவாகும் தமிழ் இசைப் பதிவுகளின் மூலக் கோப்புகளைப் பெற்று, திருத்தமில்லாமல் பாதுகாக்கும் பொறுப்பை யார் ஏற்பது என்பது இன்று முடிவுசெய்யப்பட வேண்டிய விஷயம். இந்தக் குழுக்களின் இருபதாம் ஆண்டு மறுவெளியீடு பற்றிய பேச்சு எழும் வரை அது காத்திருக்காது.